ஆற்காடு அழிந்தது, தொண்டைமான் சீமை நிலைத்தது: புதுக்கோட்டைச் சமஸ்தானம் குறித்துச் சில சிந்தனைகள்

1947 ஆகஸ்டில் ஆங்கிலேயர் இந்நாட்டை விட்டு நீங்கியபோது, இன்றைய தமிழ்நாட்டின் எல்லைக்குள் முழுமையாக அமைந்திருந்த சமஸ்தானம் ஒன்றே ஒன்றுதான். அது புதுக்கோட்டை. சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்த சமஸ்தானங்கள் ஐந்து. அவற்றுள் திருவிதாங்கூரும் கொச்சியும் மேற்குக் கடற்கரையில் இருந்தன. நவாபு ஒருவர் ஆண்ட பங்கனப்பள்ளி தெலுங்கு நாட்டிலும், மராட்டியர் ஆண்ட சண்டூர் பெல்லாரிப் பகுதியிலும் இருந்தன. தமிழகத்தின் நடுவில், நாற்புறமும் பிரிட்டிஷ் மாவட்டங்கள் சூழ, ஏறத்தாழ 1,180 சதுர மைல் பரப்பில் ஒரு தனியரசு நின்றது எங்ஙனம்?

மன்னார்புரத்தில் வாழும் எமக்குப் புதுக்கோட்டை ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர்த் தொலைவுதான். எம்மிடம் அரபி பயிலும் மாணவர் பலர் அம்மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து வருகின்றனர். இவ்வினாவிற்கு அவர்கள் இரண்டு விடைகளை அறிந்து வைத்துள்ளனர். ஆங்கிலேயர்பால் காட்டிய விசுவாசத்திற்குக் கிடைத்த பரிசு என்பது ஒன்று. கட்டபொம்மனைக் காட்டிக்கொடுத்ததற்குக் கிடைத்த கூலி என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே விடையின் இரு முகங்களே. புகழ்வோர் ஒரு முகத்தையும் பழிப்போர் மறு முகத்தையும் காட்டுகின்றனர். எனினும், விசுவாசம் மட்டுமே ஓர் அரசைக் காக்கும் என்றால் ஆற்காட்டு நவாபின் அரசு முதலில் பிழைத்திருக்க வேண்டும். அது பிழைக்கவில்லை. ஆகவே சற்றே பின்னோக்கிச் சென்று ஆராய்தல் தகும்.

இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி, கள்ளர் குலத்தவரான காதலி நாச்சியாரை மணந்து, அவருடைய உடன்பிறந்தாரான இரகுநாதத் தொண்டைமானுக்கு வழங்கிய ஆட்சியுரிமையே இவ்வரசின் தொடக்கம். 1686ஆம் ஆண்டையொட்டி இது நிகழ்ந்தது. அடுத்த அறுபது ஆண்டுகளில் இது தென்னாட்டின் பல பாளையங்களுள் ஒன்றாகவே இருந்தது. இதன் போக்கை மாற்றியது திருச்சிராப்பள்ளிக் கோட்டையைச் சுற்றி நடந்த போராகும்.

1749இல் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருத்தீன் வீழ்ந்தார். அவருடைய மகனார் முஹம்மது அலீ திருச்சிக் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தார். பிரெஞ்சுக்காரரின் துணையோடு சந்தா சாஹிப் கோட்டையை முற்றுகையிட்டார். 1751 முதல் 1754 வரை இந்நகரைச் சுற்றியிருந்த வயல்கள் விளையவில்லை. அந்நாள்களில் கோட்டைக்குள்ளிருந்த ஆங்கிலேயப் படைக்கும் முஹம்மது அலீயின் படைக்கும் அரிசியும் கால்நடையும் காட்டு வழியே வந்து சேர்ந்தது பெரிதும் தொண்டைமான் சீமையிலிருந்துதான். இதற்குத் தண்டனையாக 1754இல் பிரெஞ்சுப் படை அச்சீமைக்குள் புகுந்தது. ஊர்மக்கள் மாடுகளையும் தானியத்தையும் காடுகளுக்குள் கொண்டு சென்று ஒளித்துத் தப்பினர்.

இப்போரைச் சமயப் போராகக் காட்ட முயல்வோர் எக்காலத்தும் உளர். அணிகளை நோக்கின் அக்கூற்று நில்லாது. இரு தரப்பிலும் நவாபுப் பட்டத்திற்கு உரிமை கோரியோர் முஸ்லிம்களே. முஹம்மது அலீக்குத் தஞ்சை மராட்டியரும் தொண்டைமானும் துணை. மைசூர்ப் படை முதலில் அவர் பக்கம் நின்று பின்னர்ப் பிரெஞ்சு அணிக்கு மாறியது. 1752 ஜூனில் திருவரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாஹிப் தஞ்சைத் தளபதி மானோஜியின் கையில் சிக்கிக் கொல்லப்பட்டார். அவருடைய அடக்கவிடம் திருச்சி நத்ஹர் வலீ தர்கா வளாகத்தில் உள்ளது. அவரை வென்ற முஹம்மது அலீ வாலாஜாவின் அடக்கவிடமும் அங்கேயே உள்ளது. அங்கு ஃபாத்திஹா ஓதச் செல்வோருள் எத்தனை பேர் இவ்விருவரும் யார் என அறிந்து செல்கின்றனர் என்பது ஐயமே.

இனி வேறுபாட்டிற்கு வருவோம். முஹம்மது அலீ ஆங்கிலேயரின் முதன்மைக் கூட்டாளி. தொண்டைமான் அக்கூட்டாளியின் சிறு கூட்டாளி. முதன்மைக் கூட்டாளியின் நாடு நெல் விளையும் ஆற்றுப் படுகைகளையும் துறைமுகங்களையும் கொண்டது. போர்ச் செலவுக்காகவும் அரண்மனைச் செலவுக்காகவும் அவர் கம்பெனி ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கடன் வாங்கினார். ஊர்களின் வருவாயை ஈடாக எழுதிக் கொடுத்தார். அக்கடன் பற்றி 1785இல் இலண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் ஆற்றிய உரை புகழ்பெற்றது. வாலாஜா 1795இல் மறைந்தார். 1801இல் கர்நாடக ஆட்சி முழுவதும் கம்பெனியிடம் சென்றது. 1855இல் நவாபு என்னும் பட்டமும் ஒழிந்தது.

தொண்டைமானிடம் அவ்வாறு பறிப்பதற்கு என்ன இருந்தது? பேராறு இல்லை. காவிரி நீர் அச்சீமைக்கு எட்டவில்லை; வெள்ளாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடுவது. செம்மண்ணும் பாறையும் காடும், ஆயிரக்கணக்கான கண்மாய்களும் ஏந்தல்களுமே அதன் செல்வம். வட்டிக்காரர் நாடி வரும் நிலமன்று. வறுமை அந்நாட்டிற்குக் கோட்டைச் சுவராய் நின்றது என்பது எமது கருத்து. ஆங்கிலேயர் அதனிடம் கப்பம் பெறவுமில்லை. 1803இல் கீழாநிலைக் கோட்டையையும் அதனைச் சார்ந்த ஊர்களையும் தொண்டைமானுக்கு வழங்கியபோது, ஆண்டுக்கு ஒரு யானை தரவேண்டும் என்று விதித்தனர். அந்த யானை ஒருபோதும் கேட்கப்படவில்லை; 1836இல் அவ்விதியும் முறைப்படி கைவிடப்பட்டது. ஆனால் மற்றொரு நிபந்தனை இருந்தது. அவ்வூர் மக்கள் கொடுங்கோன்மைக்கு உள்ளாவதாக மெய்ப்பிக்கப்பட்டால் நிலம் ஆங்கிலேயரிடமே திரும்பும் என்பதே அது. கொடையும் கடிவாளமும் ஒரே ஓலையில் எழுதப்பட்டன.

கட்டபொம்மன் செய்தியைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது. 1799இல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்த பின் அவர் தொண்டைமான் சீமைக் காட்டில் புகுந்தார். அங்கே பிடிக்கப்பட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டார். அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அடைக்கலம் நாடி வந்தவரை ஒப்படைத்தல் எந்த அறநூலிலும் ஏற்புடைத்தன்று. ஆனால் இஃது ஒரு நாள் சபலத்தில் விளைந்த செயலன்று. திருச்சி முற்றுகையில் தொடங்கி அரை நூற்றாண்டாகப் பின்பற்றிய கொள்கையின் விளைவு. அக்கொள்கையை வகுத்த அணியின் தலைவர் வாலாஜா. தொண்டைமானைத் துரோகி என்று எளிதில் கூறும் நம்மவர், ஹைதர் அலீயையும் திப்பு சுல்தானையும் எதிர்த்து ஆங்கிலேயரோடு நின்ற வாலாஜாவை அச்சொல்லால் அழைக்கத் தயங்குவது ஏன்? அளவுகோல் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

இச்சமஸ்தானத்தின் பொருளாதாரத்தை அறியச் சில சொற்களே திறவுகோல். அரபி கற்பிப்போர் என்ற முறையில் அவை எம் கவனத்தை ஈர்ப்பதில் வியப்பில்லை. 'இனாம்' என்பது 'இன்ஆம்' என்னும் அரபிச் சொல். நாம் அன்றாடம் வழங்கும் 'நிஃமத்' என்பதும் அதே வேரில் பிறந்ததே. 'அமானி' என்பது 'அமானத்'தோடு உறவுடையது. 'கிஸ்தி'யின் மூலம் 'கிஸ்த்', பங்கு என்பது பொருள். கள்ளர் குல அரசரின் ஆட்சியில், கோயில் நிலத்தின் கணக்கும் இச்சொற்களாலேயே எழுதப்பட்டது.

புதுக்கோட்டையில் சாகுபடி நிலத்தின் பெரும்பகுதி இனாமாக வழங்கப்பட்டிருந்தது. படைவீரர், அரண்மனை ஊழியர், அந்தணர், கோயில், சத்திரம், பள்ளிவாசல், குளம் காப்போர் எனப் பலரும் வரியின்றியோ குறைந்த வரியிலோ நிலம் பெற்றிருந்தனர். அரசுக்கு வருவாய் குறைவு. ஆனால் ஒவ்வோர் ஊரிலும் அரசரின் கொடையை உண்பவர் இருந்தனர். இதனை வக்ஃபோடு ஒப்பிட்டுக் குழப்பிக்கொள்ளலாகாது. வக்ஃப் செய்த பொருள் கொடுத்தவரின் உடைமையிலிருந்து என்றென்றைக்கும் நீங்குகிறது. இனாமோ அரசரின் விருப்பத்தால் நிற்பது. மீளப் பெறவும் கூடியது. ஆகவே அதனைப் பெற்றவரின் பார்வை எப்போதும் அரண்மனையை நோக்கியே இருந்தது. இச்சமஸ்தானத்தின் அரசியற் பண்பாட்டை ஒரு சொல்லில் உரைக்க வேண்டுமெனில் இனாம் என்பதே அச்சொல். அமெரிக்க ஆய்வாளர் நிக்கோலஸ் டர்க்ஸ் 1987இல் இவ்வரசைப் பற்றி எழுதிய நூலுக்கு 'உள்ளீடற்ற மணிமுடி' எனப் பொருள்படும் பெயரிட்டார். போர்த்தொழிலை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட பின், கொடுத்தல் ஒன்றே அரசருக்கு எஞ்சிய தொழிலாயிற்று என்பதை அப்பெயர் உணர்த்துகிறது.

அம்மன் காசும் இதன் பாற்பட்டதே. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவமும் மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்னும் சொல்லும் கொண்ட இச்செப்புக்காசு இருபது சேர்ந்தால் ஓரணா. அதாவது ரூபாய்க்கு 320. பிரிட்டிஷ் இந்தியாவின் தம்பிடியோ ரூபாய்க்கு 192. தம்பிடியினும் சிறிய நாணயம் புழங்கிய சந்தை எத்தகையது என்பதை வாசகர் உய்த்துணரலாம். நவராத்திரி நாள்களில் ஏழைகளுக்கு அரிசியோடு இக்காசு வழங்கப்பட்டது. 1889 முதல் இது இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அச்சாகி வந்தது என்பது வேடிக்கையான செய்தி.

1878இல் திவானாகிய சேஷய்யா சாஸ்திரி, முன்னர்த் திருவிதாங்கூரில் திவானாக இருந்தவர். விளைச்சலில் பங்கு பெறும் அமானி முறையை ஒழித்துப் பண வரியை நிறுவினார். 1888இல் இனாம்களை ஒழுங்குபடுத்தினார். நகரை நேர்த்தெருக்களோடு அமைத்தார். 1902இல் மைசூரைப் பின்பற்றி ஒரு பிரதிநிதித்துவ சபையும், 1924இல் சட்டசபையும் தோன்றின. எனினும் அவை வேண்டுகோள் விடுக்கும் அவைகளாகவே இருந்தன. இறுதிச் சொல் தர்பாருடையது. தர்பாருக்கு மேலே ஆங்கிலேய அரசியல் முகவர். நெடுங்காலம் அப்பொறுப்பை வகித்தவர் திருச்சி மாவட்ட ஆட்சியரே. 1931இல் நகரில் வரிகளை எதிர்த்துப் பெருங்கலகம் மூண்டது. அரசியலில் ஒளி வீசியோர் பெரும்பாலும் எல்லை தாண்டியே வீசினர். 1887இல் திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி சென்னையில்தான் தலைவரானார்.

முத்துலட்சுமி ரெட்டியின் வரலாறு அரசரின் கொடை நன்மையாக விளைந்ததற்குச் சான்று. பெண்ணொருத்தி ஆண்களோடு கல்லூரியில் பயில்வதற்கு எழுந்த எதிர்ப்பை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஏற்காது இடமளித்தார். அம்மையார் 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆனால் அதே மன்னர் 1915இல் ஆஸ்திரேலியப் பெண்மணி மாலி ஃபிங்க்கை மணந்தபோது, தம் அதிகாரத்தின் எல்லை எது என்பதைத் தாமே கண்டார். பிரிட்டிஷ் அரசு அவ்வம்மையாரை மகாராணியாக ஏற்கவில்லை. அவர்தம் மகனுக்குப் பட்டவுரிமையும் அளிக்கவில்லை. மன்னர் நாட்டை விட்டு அகன்று 1928இல் பாரிசில் மறைந்தார். ஆறு வயதுச் சிறுவரான இராஜகோபாலத் தொண்டைமான் அரியணைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவர்தாம் கடைசி மன்னர். 1948 மார்ச் 3ஆம் நாள், தம் 25ஆம் வயதில், சமஸ்தானத்தை இந்திய ஒன்றியத்திடம் ஒப்படைத்தார். இங்கு அமெரிக்காவின் டெக்சஸ் நினைவுக்கு வருகிறது. 1836 முதல் தனிக் குடியரசாயிருந்த அது 1845இல் அமெரிக்க ஒன்றியத்தில் சேர்ந்தபோது, தன் பொது நிலங்களைத் தானே வைத்துக்கொள்ளும் நிபந்தனையோடு ஒரு மாநிலமாகச் சேர்ந்தது. புதுக்கோட்டைக்கோ மாநிலம் என்னும் தகுதி கிட்டவில்லை. மன்னருக்கு மானியமும் சொந்தச் சொத்தும் எஞ்சின. நாடு திருச்சி மாவட்டத்தின் ஒரு கோட்டமாயிற்று. முகவராயிருந்த ஆட்சியரின் அலுவலகம் நேரடி ஆட்சியகமாகியது. 1955இல் புதுக்கோட்டை இனாம்களுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. மன்னர் மானியம் 1971இல் நாடு முழுதும் ஒழிந்தது.

1974 ஜனவரி 14ஆம் நாள் தஞ்சை மாவட்டப் பகுதிகளும் சேர்ந்து புதுக்கோட்டை தனி மாவட்டமாக மலர்ந்தது. 1910இல் தொடங்கிய சமஸ்தானத்து அருங்காட்சியகம் இன்றும் இயங்குகிறது. மன்னரின் புதிய அரண்மனையில் இப்போது மாவட்ட ஆட்சியர் அலுவலகம் உள்ளது. பட்டா கேட்டு மனுவோடு வருவோர் அங்கே காத்திருக்கின்றனர்.