பேத்தி கையில் ஒரு கேமரா!

சனிக்கிழமை வந்தால் உங்கள் வீட்டுப் பேரன் பேத்திகள் என்ன செய்கிறார்கள்? டி.வி., இல்லாவிட்டால் செல்போன். நீங்கள்? அதே டி.வி. முன்னால் பாதி சீரியல், பாதி தூக்கம்! 'முழங்கால் வலியை வச்சுக்கிட்டு எங்கே வெளியில போறது?' என்கிறீர்களா? இரண்டு வருஷம் முன்பு வரை நானும் உங்கள் கட்சிதான்.

எனக்குச் சர்க்கரை உண்டு. 'தினம் நடங்கம்மா' என்று சொல்லிச் சொல்லி டாக்டருக்கே அலுத்துவிட்டது. மொட்டை மாடியில் எட்டு போட்டு நடந்து பார்த்தேன். எட்டே நாள்தான், விட்டுவிட்டேன். அப்போதுதான் பீரோவில் சும்மா கிடந்த பழைய டிஜிட்டல் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தாள் பேத்தி. இரண்டாம் வகுப்பு. "பாட்டி, இதுல போட்டோ எடுக்க எங்கயாவது கூட்டிட்டுப் போயேன்!"

முதலில் போனது எழும்பூர் மியூசியம். 1851-ல் தொடங்கிய இடம். சின்ன வயசில் பள்ளிக்கூடத்திலிருந்து கைகோத்துக்கொண்டு வரிசையாகப் போயிருப்பீர்களே, அதேதான். அன்றைக்கு வாத்தியார் 'சீக்கிரம், சீக்கிரம்' என்று விரட்டினார் இல்லையா? இன்றைக்கு நீங்கள் அதைச் செய்யாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும். ஒரு வாரம் திமிங்கல எலும்புக்கூடு, இன்னொரு வாரம் வெண்கலச் சிலைகள், அதற்கடுத்த வாரம் அமராவதிச் சிற்பங்கள். பிளாஷ் மட்டும் வேண்டாம். கேமராவுக்குத் தனி டிக்கெட் உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை. (நாங்கள் முதல் தடவை போய் நின்றது வெள்ளிக்கிழமை!)

ஒரு சட்டம் போட்டேன். ஒரு நாளைக்கு 36 படம்தான். நம் காலத்து பிலிம் ரோல் கணக்கு. டிஜிட்டலில் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம்தான். ஆனால் கணக்கு இருந்தால்தான் குழந்தை நின்று பார்க்கிறது. 'இதை எடுக்கட்டுமா, வேண்டாமா?' என்று யோசிக்கிறது. அவள் எதற்குக் குனிகிறாளோ அதற்கு நானும் குனிய வேண்டியதாயிற்று. திமிங்கலத்தின் விலா எலும்பைக் கீழே உட்கார்ந்து பார்த்தால் கவிழ்த்த படகு மாதிரி இருக்கிறது. அறுபத்தேழு வயசில் அதை எனக்குக் காட்டியவள் அவள்!

ஒன்றரை மணி நேரம் நடந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. முழங்கால் வலி மாயமாகிவிட்டது என்று கதை விட மாட்டேன். ஆனால் உட்கார்ந்து எழும்போது நாற்காலிக் கையைப் பிடிப்பது குறைந்தது. மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு கொஞ்சம் இறங்கியது. மாத்திரை குறையவில்லை. குறைக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

மியூசியத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். சிலைக்கு முன்னால் போனதும் அவள் முதலில் எடுப்பது சிலையை அல்ல, பக்கத்தில் இருக்கும் பெயர்ப் பலகையை. எடுத்து, கேமரா திரையில் பெரிசாக்கி, எழுத்துக் கூட்டிப் படிப்பாள். 'என்ன கெட்டிக்காரத்தனம்!' என்று பெருமைப்பட்டேன். அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டேன் வேறு.

டிசம்பர் லீவில் வேடந்தாங்கல் போனோம். ஏரியில் தண்ணீர் இருந்தால் நவம்பரிலிருந்து மார்ச் வரை பறவைகளைப் பார்க்கலாம். கரையோரமாக நிழலில் நடக்கலாம், உட்காரவும் இடம் உண்டு. நம் வயசுக்குத் தோதான பாதை. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் ஊர்க்காரர்களே தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்து வந்தார்கள். 1798-லேயே செங்கற்பட்டு கலெக்டர் அந்த உரிமையை எழுத்தில் கொடுத்திருக்கிறார்.

"அதோ பாருடி கண்ணு, மரம் பூரா நாரை!"

"எங்க பாட்டி? வெள்ளையா பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கே, அதுவா?"

கேமராவில் கிட்டே இழுத்து ஒரு படம் எடுத்தாள். திரையை மூக்கருகில் வைத்துப் பார்த்துவிட்டு ஒரே கத்தல்: "ஐயோ பாட்டி, இதுக்குக் காலெல்லாம் இருக்கு!"

எனக்கு அடிவயிற்றில் ஏதோ செய்தது. பெயர்ப் பலகை ஞாபகம் வந்தது. டி.வி.க்கு முன்னால் போய் நிற்பாளே, அது ஞாபகம் வந்தது. 'போர்டைப் பார்த்து எழுதுவதில் கவனக்குறைவு' என்று பள்ளி டைரியில் மூன்று தடவை வந்த குறிப்பு. அதைப் படித்துவிட்டு, "விளையாட்டுப் புத்தி!" என்று நான் அவளைத் திட்டியது...

அந்த வாரமே கண் டாக்டரிடம் போனோம். இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.75. கிட்டப்பார்வை. "குழந்தை வாய்விட்டுச் சொல்லாதும்மா. எல்லாருக்கும் உலகம் இப்படித்தான் மங்கலாத் தெரியுதுன்னு அது நினைச்சுக்கும்" என்றார் டாக்டர். கண்விழி தேவைக்கு மேல் நீளமாக வளர்ந்துவிடுவதால், தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறதாம். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, புத்தகத்தை முகத்தோடு ஒட்டிக்கொள்வது, போர்டில் இருப்பதைத் தப்பாக எழுதுவது... இதில் ஒன்று இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

'இப்பவே கண்ணாடி போட்டா பவர் ஏறிடும்' என்று உறவுக்காரர்கள் வந்து சொல்வார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். அது தப்பு. கண்ணாடியால் பவர் ஏறுவதில்லை. குழந்தை வளரும்போது கண்ணும் வளருவதால் ஏறலாம். அதற்குத்தான் டாக்டர் சொல்கிற இடைவெளியில் மறுபடி சோதனை.

டாக்டர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. வெளிச்சம்! சீனாவில் குவாங்ஜோ நகரத்தில், சில பள்ளிகளின் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விட்டிருக்கிறார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், மற்ற பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, இவர்களில் 30.4 சதவீதம்தான். 2015-ல் வெளியான ஆய்வு. தைவானில் 2010-லிருந்தே தினம் இரண்டு மணி நேரம் வெளியில் இருக்கச் சொல்கிறார்கள். பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் சுரக்கத் தூண்டி, கண் அளவுக்கு மீறி நீளாமல் தடுக்கிறது என்று கருதுகிறார்கள். ஏற்கனவே வந்த பவரை இது எடுத்துவிடாது. வராமல் தள்ளிப்போடவே பெரிதும் உதவுகிறது.

எங்கள் வீட்டில் ஒரு குட்டிப் பையனும் உண்டு. நாலு வயசு. இப்போது அவனும் எங்களோடு வருகிறான். மியூசியம் மாதம் ஒரு தடவைதான், அது கூரைக்குள். மற்ற வாரமெல்லாம் பூங்கா, ஏரிக்கரை, கிண்டி சிறுவர் பூங்கா. சாயந்திரம் தெருக்கோடி வேப்பமரம்கூடப் போதும்.

கிளம்பும் முன் உங்களுக்குச் சில வார்த்தை. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் போகாதீர்கள். பையில் நாலு மிட்டாய், தண்ணீர் பாட்டில். கோயில் மாதிரி வெறுங்காலில் நடை வேண்டாம். சர்க்கரைக்காரர் காலில் முள் குத்தினால்கூடத் தெரியாமல் போகும். உச்சி வெயிலுக்கு முன் திரும்பிவிடுங்கள். நடக்கும்போது கேமரா கழுத்தில். படம் எடுக்கும்போது கால் நின்றிருக்க வேண்டும். ஏரிக்கரையில் பின்னாலேயே நகர்ந்து எடுப்பது குழந்தைக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் ஆபத்து!

ஜனவரியில் கண்ணாடியோடு மறுபடி வேடந்தாங்கல் போனோம். கேமரா கழுத்திலேயே தொங்கியது. "பாட்டி, அந்தக் கிளையில ஒன்பது. இல்ல இல்ல, பின்னாடி ரெண்டு குஞ்சு!" என்று எண்ணிக்கொண்டே இருந்தாள். 36-ல் அன்றைக்கு எடுத்தது பதினொன்றுதான். மிச்சத்தைத் தம்பி எடுத்தான். பாதிப் படத்தில் என் செருப்பு, மீதியில் எறும்பு வரிசை. அத்தனையையும் பிரின்ட் போட்டு ஆல்பத்தில் ஒட்டியிருக்கிறோம்.