சிறு கருவியும் தெரிவுப் பட்டியலும்

இராஜபாளையம் நூலாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவாலும் பெயர் பெற்றவை. நூற்கும் யந்திரத்திலும் பாலின் கொழுப்பை அளக்கும் கருவியிலும் இன்று சிறு கணிப்பொறி உறைகின்றது. அது சிறு திரையில் வினவ, நாம் பொத்தானால் விடை தருகின்றோம். இவ்வினாவிடையே மெனு எனப்படும் தெரிவுப் பட்டியல்.

1972-இல் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில் இதனை அமைப்பது எங்ஙனம்? ஒவ்வொரு தெரிவுக்கும் 'ஆயின்', 'அன்றேல்' என நிபந்தனைகளை அடுக்கின், நிரல் முட்புதராகும். ஆதலின் அட்டவணை ஒன்றை வகுத்தலே நன்று. அதன் ஒவ்வொரு வரிசையிலும் திரையில் தோன்றும் சொல், இயங்கவேண்டிய செயற்கூற்றின் முகவரி, அடுத்த கிளைப்பட்டியலின் முகவரி ஆகிய மூன்றும் நிற்கும். சிறு சுழற்சி ஒன்று, பொத்தான் அழுத்தப்பட்டதும் உரிய வரிசையைப் படித்து, அக்கூற்றை இயக்கும்; அவ்வளவே.

சொற்கள் அட்டவணையில் தனித்து நிற்றலின், சுழற்சியைத் தொடாமலே ஆங்கிலச் சொல்லிருந்த இடத்தில் தமிழ்ச் சொல்லை வைக்கலாம். ஆனால் பெருவழக்கிலுள்ள ஹிட்டாச்சி 44780 வகைத் திரையில் நாமே வரைந்து சேர்க்கத்தக்க எழுத்துக்கள் ஒரே வேளையில் 8 மட்டுமே. தமிழுக்கு அவை போதா. புள்ளிகளால் வரையும் படத்திரை வேண்டும். செலவு சற்று மிகும். எனினும், ஆங்கிலம் கல்லாத தொழிலாளி தம் யந்திரத்தின் வினாவைப் பிறர் துணையின்றிப் படிப்பாராயின், அச்செலவு வீணன்று. அதற்குரிய தெளிந்த சொற்களைத் தேடித் தருதல் தமிழ் பயிலும் நம் கடனாகும்.