பெயர் இல்லை, எண் மட்டும் உண்டு

அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்து வீடியோ விளையாட்டை ஆடும்போது நான் முதலில் பார்ப்பது வீரர் பட்டியலைத்தான். ‘இஏ ஸ்போர்ட்ஸ்’ வெளியிட்ட பழைய பதிப்புகளில் வீரர்களுக்குப் பெயர் இருக்காது. ஆனால் சட்டை எண், உயரம், எடை, சொந்த மாநிலம் எல்லாம் உண்மையான மாணவரோடு அப்படியே பொருந்தும். அவருக்கோ ஒரு காசு கிடையாது. வாங்கினால் ஆடும் தகுதி போய்விடும் என்பது அன்றைய விதி.

2009ல் முன்னாள் வீரர் சாம் கெல்லர் வழக்குத் தொடுத்தார். பட்டியல் எவ்வளவு துல்லியமோ, அவர் தரப்பு அவ்வளவு வலுத்தது! 2013க்குப் பிறகு புதிய பதிப்பே வரவில்லை. 2021ல் விதி தளர்ந்தது.

2024ல் விளையாட்டு திரும்பியபோது, சம்மதித்த ஒவ்வொருவருக்கும் 600 அமெரிக்க டாலர் தரப்பட்டது. இப்போது பெயரும் உண்டு. வேகத்துக்கு 92 மதிப்பெண்ணா, 94ஆ என்று ரசிகர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். எனக்கோ அந்த 600 போதுமா என்பதே கேள்வி.