மலையோட்டமும் வழிகாட்டியும்

ஓடுவதற்கும் ஆசிரியர் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நடக்கக் கற்ற குழந்தை சில மாதங்களில் தானாகவே ஓடத் தொடங்கிவிடுகிறது. அதற்கு எவரும் பாடம் சொல்லித் தருவதில்லை. நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியனாகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் நான். 42 கிலோமீட்டர் மாரத்தான் ஓட்டத்தைச் சாலையில் ஆறு முறை ஓடி முடித்தவன். ஓட்டத்தைப் பற்றி இனிக் கற்பதற்கு என்ன இருக்கிறது என்ற செருக்கு எனக்குச் சிறிது இருந்தது. 2022ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஆல்ப்ஸ் மலையில் நான்கு நாள் நடைபெற்ற ஒரு பயிற்சியில் சேர்ந்தபோது அந்தச் செருக்கு அடங்கியது. அங்குக் கற்றவற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

மாரத்தான் தொலைவையும் கடந்து, சாலையை விட்டு, மலைப்பாதையிலேயே ஓடுகின்ற ஓட்டம் ஒன்று உண்டு. அதனை நாம் நெடுமலையோட்டம் எனலாம். இவ்வகை ஓட்டங்களுள் பெரும்புகழ் பெற்றது மோன்பிளாங்க் மலையைச் சுற்றி ஓடுவதாகும். பிரான்சு, இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் கூடுமிடத்தில், 4,800 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்பது அந்த மலைத்தொகுதி. அதன் அடியில் உள்ள ஷமோனி என்னும் பிரெஞ்சு நகரில் மாலையில் புறப்பட்டு, இத்தாலிக்குள் இறங்கி, சுவிட்சர்லாந்து வழியாக வளைந்து, மீண்டும் ஷமோனிக்கே வந்து சேர வேண்டும். 2003ஆம் ஆண்டில் தொடங்கிய போட்டி இது. சுற்றின் நீளம் சுமார் 170 கிலோமீட்டர். வழியில் ஏறவேண்டிய ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் சுமார் 10,000 மீட்டர் ஆகும். எவரெஸ்டு சிகரத்தின் உயரமே 8,849 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இவ்வளவையும் முடிக்கத் தரப்படும் காலம் நாற்பத்தாறரை மணி நேரம்.

இந்தக் காலம் மிகுதியா, குறைவா? இதனை அறிய ஒரு கணக்கு இருக்கிறது. 1892ஆம் ஆண்டில் நேய்ஸ்மித் என்ற ஸ்காத்லாந்து மலையேறுநர் ஒருவர் எளிய விதியொன்றைக் கூறினார். கிலோமீட்டர்க் கணக்கில் சொன்னால், நடப்பவர் ஒருவர் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமும், அதனோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்திற்கும் மேலும் ஒரு மணி நேரமும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அவ்விதி. அதன்படி 170 கிலோமீட்டருக்கு 34 மணி. 10,000 மீட்டர் ஏற்றத்திற்கு ஏறக்குறைய 17 மணி. ஆக 51 மணி நேரம் ஆகிறது. ஆகவே, உறங்காமல் இரண்டு இரவுகள் விடாது நடக்கக்கூடிய ஒருவர், சற்றே விரைந்து சென்றால் போட்டியை முடித்துவிடலாம். இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. நெடுமலையோட்டம் என்று பெயர் இருந்தாலும், பெரும்பாலோர்க்கு அது விரைவின் சோதனை அன்று. தளர்ச்சியிலும் முறை தவறாமல் செல்வதன் சோதனை.

அந்த முறையைக் கற்பிப்பவரே வழிகாட்டி. ஷமோனியில் வழிகாட்டுதல் பழம்பெருந்தொழில். மோன்பிளாங்கின் உச்சியை 1786ஆம் ஆண்டில் முதன்முதலாக அடைந்த இருவரும், பல்மா, பக்கார் என்போர், அந்தப் பள்ளத்தாக்கின் மக்களே. 1820ஆம் ஆண்டில் பனிச்சரிவு ஒன்றில் சிக்கி மூன்று வழிகாட்டிகள் மாண்டனர். அதற்கு அடுத்த ஆண்டிலேயே ஷமோனி வழிகாட்டிகள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். இரண்டு நூற்றாண்டுகளைக் கடந்து அச்சங்கம் இன்றும் இருக்கிறது.

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி ஐம்பது வயதைக் கடந்தவர், குறைவாகப் பேசுபவர். மாணவர்கள் நாங்கள் எட்டுப் பேர். போட்டியாளர் ஒரே மூச்சில் செல்லும் சுற்றை நாங்கள் நான்கு நாளாகப் பகுத்துச் செல்வதென்று ஏற்பாடு. முதல் நாள் ஷமோனியிலிருந்து லே ஷாப்பியூ வரை 50 கிலோமீட்டர். இரண்டாம் நாள் இத்தாலியின் கூர்மாயர் வரை 30. மூன்றாம் நாள் சுவிட்சர்லாந்தின் ஷாம்பே வரை 45. நான்காம் நாள் மீண்டும் ஷமோனிக்கு 45. இரவில் விடுதியில் உணவும் உறக்கமும் உண்டு.

இவ்வாறு நாள்தோறும் தொடர்ந்து ஓடுவதன் பயன் யாது? ஒரே நாளில் 170 கிலோமீட்டர் ஓடிப் பழக முயன்றால் உடல் முறிந்துவிடும். தேற வாரங்கள் பல ஆகும். நான்கு நாளாகப் பகுத்தால், நேற்றைய களைப்பு தீராத கால்களோடு இன்று புறப்படுகிறோம். போட்டியின் பிற்பகுதியில் வரும் தளர்ச்சியை, அதன் ஆபத்து இன்றி முன்கூட்டியே அறிந்துகொள்கிறோம்.

முதல் நாள் பாடம் ஏறுவது. காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். வழிகாட்டி தமக்கு நேர் பின்னே என்னை வரச் சொன்னார். மற்றவர்களுள் என்னைத் தேர்ந்தாரே என்று நான் மகிழ்ந்தேன். ஏற்றம் தொடங்கியதும் அவர் ஓட்டத்தை விட்டு நடக்கலானார். எனக்கு வியப்பு. "ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிகிறதா? முடிந்தால் இந்த விரைவு சரி. மூச்சு இடையில் அறுந்தால் விரைவு மிகை" என்றார் அவர். கடிகாரமோ கருவியோ வேண்டாத அளவுகோல் இது. இரு கைகளிலும் ஊன்றுகோல் கொண்டு, தோளின் வலிமையையும் கால்களுக்குத் துணையாக்கும் முறையையும் காட்டினார். 2,329 மீட்டர் உயரமுள்ள போனோம் கணவாயை அடைந்தபோது, அந்த நிதானத்தின் அருமை எனக்குப் புரிந்தது. அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைக் காட்டிலும் ஏறக்குறைய கால்பங்கு குறைவு. கடற்கரை நகரிலிருந்து சென்ற என் நுரையீரல் அந்தக் குறைவை ஒவ்வோர் அடியிலும் உணர்ந்தது.

இரண்டாம் நாள் அதிகாலை மூன்று மணிக்கே எங்களை எழுப்பினார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருளில், 2,516 மீட்டர் உயரமுள்ள எல்லைக் கணவாய் ஒன்றை நோக்கி ஏறினோம். விளக்கொளியில் பள்ளமும் மேடும் ஒன்றுபோல் தோன்றும். நிழலைக் கல் என்றும் கல்லை நிழல் என்றும் கண் மயங்கும். போட்டியின் இரவுகளுக்கு இதுவே ஒத்திகை. பொழுது விடிந்தபின் கூர்மாயரை நோக்கி நீண்ட இறக்கம். அதுவே அன்றைய இரண்டாம் பாடம்.

இறங்குவது எளிது என்று எண்ணுவது இயல்பு. தசைகளின் கணக்கு வேறு. ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடலை உயர்த்துகிறது. இறங்கும்போதோ, உடலின் எடையைத் தாங்கித் தடை செய்துகொண்டே அத்தசை நீள வேண்டியிருக்கிறது. நீண்டுகொண்டே இழுக்கும் அந்நிலையில்தான் தசையின் நுண்ணிய இழைகள் மிகுதியாகச் சிதைகின்றன. வலி உடனே தோன்றாது. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் முற்றும். ஆனால் இயற்கை இதற்கு ஒரு பரிசும் தருகிறது. ஒருமுறை அவ்வாறு சிதைந்து ஆறிய தசை, சில வாரங்கள் வரை, அதே வேலையை முன்னைவிடக் குறைந்த கேட்டுடன் தாங்கிக்கொள்கிறது. போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்னரே இத்தகைய பயிற்சியை வைப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. அதன்பின் நல்ல ஓய்வு வேண்டும். பயிற்சி உடலைச் சோதிக்கிறது. ஓய்வே அதனை வலுப்படுத்துகிறது.

உணவைப் பற்றியும் ஒரு சொல். நம் தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைத்துள்ள சர்க்கரைப்பொருள் ஏறக்குறைய அரைக் கிலோகிராம் அளவே. அது தரும் ஆற்றல் 2,000 கிலோகலோரிக்கு மிகாது. இச்சுற்றுக்கோ பதினாயிரம் கிலோகலோரிக்கும் மேல் செலவாகும். கொழுப்பு ஒரு பகுதியை ஈடு செய்யும்; எஞ்சியதை வழியில் உண்டே பெற வேண்டும். ஆகவே, பசிக்கும் முன்பே சிறிது சிறிதாக உண்ணக் குடலையும் பழக்க வேண்டியிருக்கிறது. நான் ஊரிலிருந்து கொண்டு சென்ற கடலைமிட்டாய் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. தண்ணீரின் செய்தி வேறு. தாகத்திற்கு மேல் அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் உள்ள உப்பு நீர்த்துப்போய் உயிருக்கே கேடு நேரலாம். தாகத்தின் சொல்லைக் கேட்டுக் குடிப்பதே நன்று.

மூன்றாம் நாள் நிகழ்ந்ததே நான் சிறப்பாகச் சொல்ல வந்தது. இத்தாலியையும் சுவிட்சர்லாந்தையும் பிரிப்பது 2,537 மீட்டர் உயரமுள்ள பெரிய ஃபெரே கணவாய். அதன் அடிவாரத்தை நண்பகலில் அடைந்து, உண்டு இளைப்பாறினோம். வானத்தில் ஓரிரு வெண்முகில்களே தெரிந்தன. வழிகாட்டி நெடுநேரம் தென்மேற்குத் திசையைப் பார்த்தார், வானிலை அறிக்கையை மீண்டும் படித்தார், பிறகு, "இன்று கணவாயைக் கடக்க வேண்டாம், திரும்புவோம்" என்றார்.

எனக்குச் சினம் மூண்டது. கடல் கடந்து வந்தது பாதிச் சுற்றோடு திரும்பவா? வெயில் அடிக்கிறதே என்று வாதாடினேன். அவர் சினக்கவில்லை, மண்ணில் ஒரு குச்சியால் கணக்கு எழுதினார். கணவாய் வரை ஏற்றம் 770 மீட்டர். களைத்த கால்கள் மணிக்கு 400 மீட்டரே ஏறும்; எனவே ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இப்போது மணி ஒன்று. மூன்று மணியளவில் இடி மின்னல் எதிர்பார்க்கப்படுகிறது. அந்நேரத்தில் நாங்கள் மரமோ கூரையோ இல்லாத முகட்டில் நின்றுகொண்டிருப்போம். "களைத்த கால்கள் என்றது யாருடைய கால்களை?" என்று கேட்டேன். "குழுவில் மிக மெதுவாகச் செல்பவருடையவை. அதனால்தான் முதல் நாளிலிருந்தே உங்களை என் பின்னால் வைத்திருக்கிறேன்" என்றார் அவர் அமைதியாக.

பேருந்தில் ஏறிக் கூர்மாயருக்குத் திரும்பினோம். மலையைக் குடைந்த சுரங்கப்பாதை வழியே ஷமோனி சேர்ந்தோம். அன்று மாலை இடியும் இல்லை, மழையும் இல்லை! விடுதி முற்றத்தில் அவரிடம், "பார்த்தீர்களா?" என்றேன். "மழை வரவில்லை, ஆயினும் கணக்கு தவறன்று. ஒரு மணிக்கு நமக்குத் தெரிந்தவற்றைக் கொண்டே முடிவு செய்தோம். மூன்று மணிக்குத் தெரிந்ததைக் கொண்டு அதனை எடைபோடக் கூடாது" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சென்ற ஆண்டில் நாளிதழில் படித்த செய்தியொன்று நினைவில் எழுந்தது. 2021ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் சீன நாட்டின் கான்சு மாநிலத்தில் நூறு கிலோமீட்டர் மலையோட்டம் ஒன்று நடைபெற்றது. ஓடியவர் 172 பேர். உயர்ந்த பகுதியில் திடீரெனக் குளிர்மழையும் ஆலங்கட்டியும் கடுங்காற்றும் சூழ்ந்தன. மெல்லிய உடையோடு இருந்தவர்களின் உடல் வெப்பம் தணிந்தது. 21 பேர் மாண்டனர். அவர்களுள் பெயர்பெற்ற வீரர்களும் இருந்தனர். காற்றைத் தடுக்கும் மேற்சட்டை அப்போட்டியில் கட்டாயப் பொருளாக வைக்கப்படவில்லை. ஆடு மேய்க்கும் ஒருவர் குகையில் தீ மூட்டி ஆறு பேரைக் காப்பாற்றினார். குளிர் கால்களை மட்டும் தாக்குவதன்று. சிந்தனையையும் மங்கச் செய்கிறது. திரும்ப வேண்டும் என்று முடிவு செய்யும் அறிவு, மிகத் தேவையான நேரத்தில்தான் நம்மைக் கைவிடுகிறது. ஆகவே, அம்முடிவை உடல் சூடாக இருக்கும்போதே, வெயில் அடிக்கும்போதே, செய்துவிட வேண்டும். மழைச்சட்டை, உயிர்காப்புப் போர்வை, ஊதல், விளக்கு ஆகியவற்றை மோன்பிளாங்க் ஓட்டத்தில் கட்டாயமாக்கியிருப்பதன் பொருளும் இதுவே.

நான்காம் நாள் இரயிலில் வலோர்சின் என்னும் சிற்றூருக்குச் சென்று, சுற்றின் கடைசிப் பகுதியை மட்டும் ஓடி முடித்தோம். அன்று வழிகாட்டி சொல்லாமலே ஏற்றத்தில் நடந்தேன். நேரம் பார்த்து உண்டேன். ஒவ்வொரு வளைவிலும் வானத்தைப் பார்த்தேன். அவரும் அதைக் கவனித்து, இறுதி இறக்கத்தில் என்னை முன்னே போகச் சொன்னார்.

மாணவ நண்பர்களே! உங்களுள் பலர் நம் மலைகளில் ஓடவும் ஏறவும் விரும்புவீர்கள். விரும்புங்கள். ஆனால் மலையை அறிந்த ஒருவரோடு, உரிய இசைவு பெற்று, தக்க பொருள்களோடு செல்லுங்கள். அவர் காலடியை மட்டும் பாராமல் அவர் போடும் கணக்கையும் கற்றுக்கொள்ளுங்கள். நல்ல வழிகாட்டி நம்மை எப்போதும் தம் பின்னாலேயே வைத்திருக்க விரும்புவதில்லை. அவர் கணக்கை நாமே போடும் நாளுக்காகவே நம்மை அழைத்துச் செல்கிறார்.

பெரிய ஃபெரே கணவாயை நான் இன்னும் கடக்கவில்லை. என் சுற்றில் அந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. அதை எண்ணி முன்போல் நான் வருந்துவதில்லை. நான்கு நாளில் நான் கற்ற பாடங்களுள் முதன்மையானது அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.