கைக்குத் தெரியும் கட்டியும் கைக்கு எட்டாத கட்டியும்

தறிக்குழி ஓரம் படுத்திருக்கும் நாயைத் தடவிக் கொடுக்கையிலோ, ஆட்டுப்பட்டிக்குக் காவலிருக்கும் நாய்க்குக் கழுத்துப்பட்டை மாற்றுகையிலோ ஒரு கட்டி கையில் தட்டுப்படுகிறது. வலியில்லை, நன்றாகத் தின்கிறது, உடனே வெட்டி எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். முதலில் ஊசியால் குத்திச் செல்களைப் பார்ப்போம் என்று நாங்கள் சொல்வது, சென்னிமலையிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வருவோருக்கு வீண் அலைச்சலாகத் தோன்றுவது இயல்பே. அதற்குக் காரணம் உண்டு.

முதிய நாய்களின் தோலுக்கடியில் காணும் கட்டிகளில் பல வெறும் கொழுப்புக் கட்டிகள். அவற்றை அப்படியே விட்டுவிடலாம். அதே வடிவில், சில வேளைகளில் அதே மென்மையோடு, மென்திசுச் சார்கோமா என்னும் புற்றுநோயும் வருகிறது. நரம்புறை, இரத்தநாளச் சுவர், நார்த்திசு ஆகியவற்றில் பிறப்பது இது. மேலே ஓர் உறை போர்த்தியதுபோல் இருப்பதால், கீறியவுடன் பலாச்சுளைபோல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பார்ப்பவருக்கு முழுவதும் வந்துவிட்டதென்றே தோன்றும். அந்த உறையிலேயே நசுங்கிய புற்றுச் செல்கள் இருக்கின்றன. பின்தங்கியவை மீண்டும் வளர்கின்றன. இரண்டாம் முறை அறுப்பது முதல் முறையைவிடக் கடினம். எனவே கட்டியைச் சுற்றி 2 முதல் 3 செ.மீ. நல்ல திசுவையும், அடியில் ஒரு சவ்வுப் படலத்தையும் சேர்த்து எடுக்க முயல்கிறோம். நெஞ்சிலும் விலாவிலும் இது இயலும். முன்னங்காலின் கீழ்ப்பகுதியில் இழுத்துத் தைக்கத் தோல் போதாது. எடுத்த கட்டியைத் திசு ஆய்வுக்கு அனுப்புகிறோம். மூன்று படிநிலைகளில் முதல் இரண்டு நுரையீரலுக்குப் பரவுவது குறைவு. மூன்றாவதோ ஏறத்தாழப் பத்தில் நான்கு நாய்களுக்குப் பரவுகிறது. சுண்ணாம்பு தடவிப் புண்ணாக்கிக் கொண்டுவந்தால் தோல் கெட்டு, நல்ல எல்லையைக் காண்பதே கடினமாகிவிடும்.

இதயக் கட்டியைக் கை காட்டிக் கொடுக்காது. இது மிக அரிது. அமெரிக்கக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் 1982 முதல் 1995 வரையிலான பதிவுகளில், ஆயிரம் நாய்களுக்குச் சுமார் இரண்டுக்கே இருந்தது. நேற்றுவரை ஓடியாடிய நாய் திடீரெனத் தள்ளாடி விழும். ஈறு வெளுத்திருக்கும். சிறிது நேரத்தில் எழுந்து நடக்கவும் செய்யும். அதனால் வெயில் மயக்கம் என்று விட்டுவிடுகிறார்கள். சிலவற்றுக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. உள்ளே நடப்பது இதுதான்: இதயத்தின் வலது மேலறையில் ஹீமாஞ்சியோசார்கோமா என்னும் இரத்தநாளப் புற்று வளர்ந்து, இதய உறைக்குள் இரத்தம் கசிகிறது. உறை விரிந்து கொடுக்காததால், இதயம் நிரம்ப இடமின்றித் தவிக்கிறது.

விலா வழியே ஊசி செலுத்தி அந்த நீரை எடுத்தால், சில நிமிடங்களிலேயே நாய் தலைதூக்கிப் பார்க்கும். வீட்டார் கண்கலங்கி, பிழைத்துவிட்டது என்பார்கள். அந்த நேரத்தில் மகிழ்ச்சியைக் குலைப்பது எங்களுக்கும் கடினந்தான்; ஆயினும் நீர் ஏன் வந்தது என்பதை எக்கோ பரிசோதனையில் பார்க்காமல் எதுவும் உறுதியாகச் சொல்ல இயலாது.

ஏனெனில் கட்டியே இல்லாமலும் இவ்வாறு நீர் கோப்பதுண்டு. அத்தகைய நாய்களில் ஏறத்தாழப் பாதி, ஓரிரு முறை நீர் எடுத்தபின் நலமடைகின்றன. இதயத்தின் மேற்புறத்தில், பெருநாளத்தை ஒட்டி மெல்ல வளரும் கட்டி மற்றொரு வகை. பாக்ஸர், புல்டாக் போன்ற தட்டைமுக நாய்களிடம் அதிகம். அதற்கு இதய உறையை அறுவை மூலம் நீக்கினால் ஓராண்டு, ஈராண்டு வாழும் நாய்களுண்டு. ஹீமாஞ்சியோசார்கோமா அப்படியன்று. ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரெட்ரீவர் இனங்களை இது அதிகம் தாக்குகிறது. மண்ணீரலிலும் நுரையீரலிலும் சேர்ந்தே இருக்கக்கூடும். சிகிச்சையின்றி நாட்கள் அல்லது சில வாரங்கள். டாக்ஸோரூபிசின் மருந்து தந்தால் பெரும்பாலும் சில மாதங்கள். அம்மருந்தும் அளவு மிஞ்சினால் இதயத்தையே கெடுக்கும்.

ஆகவே, விழுந்து எழுந்த நாயை அன்றே கொண்டுவாருங்கள். மேற்பரிசோதனை தேவைப்பட்டால், 1985இல் தொடங்கப்பட்ட நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கடிதம் தருகிறோம். ஈரோடு, திருச்செங்கோடு வழியாகச் செல்லலாம். மூச்சுத் திணறும் நாயை நீர் எடுக்காமல் அவ்வளவு தூரம் கொண்டுசெல்ல வேண்டாம். வீட்டில் இருக்கும் நாட்களில், அது உறங்கும்போது ஒரு நிமிடத்திற்கு எத்தனை மூச்சு என்று எண்ணிக் குறித்துவையுங்கள். 30ஐத் தாண்டி நின்றால் உடனே அழையுங்கள். நாம் உண்ணும் வலி மாத்திரைகளைத் தராதீர்கள்; ஐபுபுரூஃபென் நாயின் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மருந்தைத் தொடர்வதா, வலியின்றி விடைகொடுப்பதா என்று பேச வரும் நாளில் வீட்டார் அனைவரும் வரலாம். நாயோடு வளர்ந்த பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். அவர்கள் கேட்பதற்கும் விடை சொல்கிறோம்.