மர டிசைன் டைல்ஸ் போட்டால் பாட்டு இனிமையாகக் கேட்குமா? தரைக்கும் ஒலிக்கும் உள்ள கணக்கு

வடலூரில் புது வீடு கட்டும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். நெய்வேலியில் வேலை. மாடியில் 12-க்கு 14 அடி அறை ஒன்றைப் பாட்டு கேட்பதற்கென்றே ஒதுக்கிவிட்டார். சேமிப்பில் ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கரும் வாங்கியாயிற்று. பூச்சு வேலை முடிந்து இப்போது தரையில் வந்து நிற்கிறது. டைல்ஸ் கடையில், “தம்பி, மியூசிக் ரூமுக்கு வுட் ஃபினிஷ் எடுத்துக்கங்க, சவுண்டு சும்மா தியேட்டர் மாதிரி இருக்கும்” என்கிறார்கள். யூடியூபில் பார்த்தால், நிஜ மரத்தரை போட்டால்தான் ஒலிக்கு ஒரு ‘வார்ம்த்’ வரும் என்கிறார் ஒரு வெளிநாட்டுக்காரர். வீட்டில் அப்பாவோ, “எதுக்குப்பா அதெல்லாம்? சாதா டைல்ஸே போதும். வெயில் காலத்துல காலுக்குச் சில்லுனு இருக்கும்” என்கிறார்.

மூவரில் அப்பா சொல்வதுதான் சரி. ஆனால், அதற்கான காரணம் சில்லென்று இருப்பது மட்டும் அல்ல.

பெருவெளியும் பிராகாரமும்

தைப்பூசத்தன்று வடலூர் சத்திய ஞான சபைக்கு வெளியே, பெருவெளியில் நின்று ஒலிபெருக்கியில் அருட்பா கேட்டவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். கூட்ட இரைச்சல் இருந்தாலும் பாட்டின் சொற்கள் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. குரல் காதைத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறது. திரும்பி வர அங்கே சுவரும் கூரையும் இல்லை. அங்கிருந்து சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குப் போனால் கதையே வேறு. கல் தரை, கல் தூண், கல் கூரை. பிராகாரத்தில் நாகஸ்வரம் ஒலித்தால், ஊதி நிறுத்திய பிறகும் நாதம் சற்று நேரம் காற்றில் நிற்கிறது. நாகஸ்வரத்துக்கு அது அழகு. அதே பிராகாரத்தில் ஒருவர் வேகமாகப் பேசினால் பாதி புரியாது.

இப்படி, ஒலி நின்ற பிறகும் அறைக்குள் மோதி மோதித் தங்கியிருப்பதை எதிர்முழக்கம் என்கிறார்கள். டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், கான்கிரீட் கூரை என்று கட்டி, ஏசிக்காக ஜன்னலையும் மூடிவிட்ட அறை ஒரு குட்டிப் பிராகாரம்தான். சாமான் எதுவும் வைக்காத புது அறையில் ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். ‘டர்ர்ர்’ என்று ஒரு வால் நீளும். தரைக்கும் கூரைக்கும் நடுவே ஒலி பந்துபோலக் குதிக்கிறது. 10 அடி உயர அறையில் வினாடிக்கு ஐம்பது தடவைக்கு மேல் போய்த் திரும்பும்.

இது பாட்டுப் பிரியர்களுக்கு மட்டுமான கவலையும் இல்லை. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவரிடம், “உங்க வாய்ஸ் எக்கோ ஆகுது” என்று மீட்டிங்கில் சொல்வது இதனால்தான். ஹாலில் தாத்தா டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதற்கும் பல வீடுகளில் இதற்கு ஒரு பங்கு உண்டு. கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கு, எதிர்முழக்கம் கலந்த பேச்சைப் பிரித்தறிவது கூடுதல் சிரமம். சத்தத்தைக் கூட்டினால் எதிர்முழக்கமும் சேர்ந்தே கூடும்.

மெத்தையைத் தூக்கி வந்த பேராசிரியர்

இதை முதலில் கணக்காக்கியவர் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாலஸ் கிளெமென்ட் சாபின். 1895-ல் அங்கே ஃபாக் கலைக் கூடத்தில் புதிதாகத் திறந்த விரிவுரை அரங்கில், பேசியது எதுவும் யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் 5 வினாடிக்கு மேல் அறையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. சரிசெய்யும் வேலை இயற்பியல் பேராசிரியரான இவர் தலையில் விழுந்தது. ஊர் அடங்கிய இரவுகளில் வேறொரு அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி, ஒரு ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, ஒலி எப்போது அடங்குகிறது என்று கடிகாரம் வைத்து அளந்தார். மெத்தை கூடக்கூட ஒலி சீக்கிரம் அடங்கியது. அதிலிருந்து பிறந்த வாய்பாடுதான் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கத்தின் ஒலியமைப்பும் அவர் கணக்குப்படி அமைந்ததே.

சாபின் எடுத்துக்கொண்ட அலகு அழகானது: திறந்த ஜன்னல். ஜன்னல் வழியே போன ஒலி திரும்பி வராது. ஆகவே அதன் உறிஞ்சும் திறன் 1. முழுக்கத் திருப்பி அனுப்பும் பரப்புக்கு 0. மற்ற பொருட்கள் எல்லாம் நடுவில் எங்கோ. நம் பழைய முற்றம் வைத்த வீடுகளில் எதிரொலித் தொல்லை ஏன் அவ்வளவாக இல்லை என்பதற்கு இதிலேயே பதில் இருக்கிறது. வீட்டுக்கு நடுவே எப்போதும் மூடாத ஒரு பெரிய ஜன்னல் வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தது.

டைல்ஸ், மார்பிள், மரம்: எது எவ்வளவு?

ஒலியியல் பாடநூல்களில் இருக்கும் அட்டவணைகளைப் பார்த்தால் கடைக்காரரின் பேச்சு உடனே உடைந்துவிடும். குரலின் தெளிவுக்கு முக்கியமான 1000 ஹெர்ட்ஸ் அளவில், பளபளப்பான டைல்ஸும் மார்பிளும் உறிஞ்சுவது 0.01. அதாவது 100-க்கு 1 பங்கு. மிச்சம் 99 திரும்பி வருகிறது. கிரானைட்டும் இதே சாதிதான். கான்கிரீட் மேல் ஒட்டிய லினோலியம் 0.03. கான்கிரீட் மேல் ஒட்டிய மரத்துண்டுத் தரை 0.06. 1 பங்கு எங்கே, 6 பங்கு எங்கே என்று தோன்றலாம். ஆனால், காதுக்கு 99-க்கும் 94-க்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

வுட் ஃபினிஷ் டைல்ஸைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. மேலே அச்சடித்திருப்பது மரத்தின் படம். கீழே இருப்பது சுட்ட மண். விருத்தாசலம் பீங்கானைப் பார்த்து வளர்ந்த வட்டாரத்துக்கு, சுட்ட மண் எப்படி ஒலிக்கும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தேக்கு டிசைனோ, வெள்ளை மார்பிள் டிசைனோ, மேட்டோ, கிளாஸியோ, ஒலி ஒன்றுதான்.

அப்படியென்றால் அந்த யூடியூப்காரர் பொய் சொல்கிறாரா? இல்லை. அவர் வீடு வேறு.

அமெரிக்காவில் பல வீடுகளில் மரத்தரை என்பது, மரச் சட்டங்களின் மேல் பலகை அடித்து, அடியில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. நடந்தாலே லேசாக அதிரும். கீழ்ஸ்தாயி ஒலி வந்து மோதும்போது அந்தப் பலகை தானும் கொஞ்சம் அசைந்து, ஒலியின் சக்தியில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. 125 ஹெர்ட்ஸில் அதன் உறிஞ்சும் திறன் 0.15. அதே மரத்தைக் கான்கிரீட் மேல் ஒட்டினால் 0.04-க்கு இறங்கிவிடுகிறது. சுவரிலும் இதே கதை. அங்கே ஜிப்சம் பலகைச் சுவர்; அதுவும் அசைந்து பேஸை உறிஞ்சும். நம்மிடம் 9 அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும். அவை புயலுக்கே அசையாது, டிரம்ஸுக்கா அசையப்போகிறது? ‘வார்ம்த்’ என்று அவர் சொல்வதில் பெரும்பகுதி மரத்தால் வருவதல்ல, அந்த மரத்துக்கு அடியில் இருக்கும் வெற்றிடத்தால் வருவது. வடலூரில் கான்கிரீட் மேல் லேமினேட் ஒட்டினால் கிடைப்பது மரத்தின் தோற்றம் மட்டும்.

ஸ்பீக்கருக்கு அடியில் கூர்முனை ஆணி வைக்கச் சொல்லும் அறிவுரையும் பெரும்பாலும் அதே ஆடும் தரையை மனதில் வைத்துச் சொல்வதுதான். கான்கிரீட் தளத்தில் ஸ்பீக்கர் ஆடாமல் சமமாக நின்றாலே போதும்.

லேமினேட்டுக்கு இன்னொரு வில்லன் தண்ணீர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. ஜன்னல் வழியே சாரல் அடித்துத் தண்ணீர் நின்றால், மரத்தூளை அழுத்திச் செய்த லேமினேட் பலகை ஓரங்களில் உப்பிக்கொள்ளும். டைல்ஸைத் துடைத்துவிட்டுப் போய்விடலாம்.

தரையை விடுங்கள், விரிப்பைப் பாருங்கள்

தரைக்கு மேலே விரிப்பதுதான் உண்மையான வித்தியாசம். தடித்த கம்பளத்தை அடியில் ஃபோமோ ஃபெல்ட்டோ வைத்து விரித்தால், 1000 ஹெர்ட்ஸில் 0.69. டைல்ஸைப் போல 69 மடங்கு! அடியில் எதுவும் இல்லாமல் கான்கிரீட் மேல் நேரடியாக விரித்தால் 0.37-தான். பாதி வேலையை அடியில் வைப்பதே செய்கிறது.

நம் இளைஞரின் அறைக்கே கணக்குப் போடலாம். காலி அறையில், ஜன்னலை மூடிய நிலையில், எதிர்முழக்கம் சுமார் 4 வினாடி. ஸ்பீக்கருக்கும் அவர் உட்காரும் இடத்துக்கும் நடுவே 6-க்கு 8 அடிக் கம்பளம் ஒன்றை அடிவிரிப்போடு போட்டால் ஒன்றரை வினாடிக்கு வந்துவிடும். பஞ்சு மெத்தை போட்ட கட்டில், மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனமான திரை, புத்தக அலமாரி, இரண்டு ஆட்கள் என்று சேர்ந்தால் அரை வினாடியை ஒட்டி நிற்கும். வீட்டில் பாட்டு கேட்க அது போதும். ஸ்டீல் பீரோ மட்டும் உள்ளே வேண்டாம். அது எதையும் உறிஞ்சாது. பேஸ் வரும்போது கதவு கூடவே தாளம் போடும்.

பாயும் ஜமக்காளமும் உதவுமா? கொஞ்சம். கச்சேரி மேடையில் விரிக்கும் பவானி ஜமக்காளமோ, வீட்டில் இருக்கும் கோரைப்பாயோ மெல்லியவை. மேல்ஸ்தாயியின் கூர்மையைச் சற்று மழுக்கும், அவ்வளவே. ஜமக்காளத்தை இரண்டாக மடித்து, அடியில் பழைய பருத்தி மெத்தையை வைத்தால் விலை கொடுத்து வாங்கும் கம்பளத்துக்குக் கிட்டத்தட்ட இணையாக நிற்கும். பார்க்கத்தான் அழகாக இருக்காது.

ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒட்டும் கம்பளம் மட்டும் கடலோர மாவட்டத்துக்கு ஒத்துவராது. மழைக்கால ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். வெயில் காலத்தில் தூசி. எடுத்து உதறி மொட்டை மாடியில் காயப்போட முடிகிற விரிப்புதான் நமக்குச் சரி. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அடியில் வழுக்காத ரப்பர் வலை கட்டாயம். டைல்ஸ் மேல் விரிப்பு நழுவினால் இடுப்பெலும்பு போய்விடும்.

கம்பளத்தால் முடியாதது

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கம்பளம் போட்டதும் கை தட்டினால் வால் இல்லை. சந்தோஷமாகப் பாட்டைப் போட்டால், பேஸ் மட்டும் ‘கும்’மென்று நிற்கிறது. முன்பைவிட மோசமாகக்கூடத் தோன்றும்.

காரணம், அலையின் நீளம். 1000 ஹெர்ட்ஸ் அலை சுமார் 34 சென்டிமீட்டர். 100 ஹெர்ட்ஸ் அலை கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர். ஒரு சென்டிமீட்டர் தடிமன் உள்ள விரிப்பு அந்த மூன்றரை மீட்டர் அலையை என்ன செய்துவிட முடியும்? அடிவிரிப்போடு சேர்த்தும் 125 ஹெர்ட்ஸில் கம்பளத்தின் திறன் 0.08-தான். மேல்ஸ்தாயியை மட்டும் தின்றுவிட்டு கீழ்ஸ்தாயியை அப்படியே விட்டுவைப்பதால், ஒலி மந்தமாகவும் கும்மென்றும் ஆகிவிடுகிறது.

தரையில் பட்டு வரும் ஒலியால் இன்னொரு சின்னத் தொல்லையும் உண்டு. தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில் ஸ்பீக்கர், 1 மீட்டர் உயரத்தில் காது, நடுவே இரண்டரை மீட்டர் என்றால், தரையில் பட்டு வரும் ஒலி நேராக வரும் ஒலியைவிட 57 சென்டிமீட்டர் அதிகம் பயணிக்கிறது. 300 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டும் எதிரெதிராகச் சந்தித்து அங்கே ஒரு பள்ளம் விழும். அது குரலுக்குக் கனம் கொடுக்கும் பகுதி. கம்பளம் அந்த அளவில் கால்வாசிதான் உறிஞ்சும்; பள்ளம் முழுக்க மறையாது. ஸ்பீக்கரின் உயரத்தையோ உட்காரும் தூரத்தையோ மாற்றினால் பள்ளம் வேறு இடத்துக்கு நகரும். சோபாவை விட்டுவிட்டுத் தரையில் சம்மணமிட்டுக் கேட்டாலும் நகரும். மூன்றும் செலவில்லாதவை.

பேஸுக்கான மருந்து தரையில் இல்லை. ஸ்பீக்கரை மூலையிலிருந்தும் சுவரிலிருந்தும் இரண்டு, மூன்று அடி வெளியே இழுக்க வேண்டும். கேட்பவர் பின்சுவரை ஒட்டி உட்காரக் கூடாது; அறையின் நட்டநடுவிலும் கூடாது. பிறகும் கும்மென்றால், மூலையில் பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்திப் பார்க்கலாம். அங்கே ஒரு அடித் தடிமன்கூட அதிகம் இல்லை.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு மாலை நேரம் செலவழித்தால் போதும். உட்காரும் இடத்தில் போனை வைத்து, அறையின் மறுபக்கம் நின்று ஏதாவது ஒரு பத்தியை வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். பிறகு வீட்டில் உள்ள மெத்தை, போர்வை, ஜமக்காளம் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, அதே பத்தியை அதே இடத்தில் நின்று மீண்டும் வாசித்துப் பதிவு செய்து, இரண்டையும் இயர்போனில் கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். மூன்றாவது பதிவை 4-க்கு 4 அடி ஜன்னலைத் திறந்துவைத்து எடுக்கலாம். சாபின் கணக்குப்படி அது ஒன்றரை சதுர மீட்டர் முழு உறிஞ்சல், அதுவும் இலவசம். வடலூர் நான்குமுனைச் சந்திப்புக்குப் பக்கத்தில் வீடு என்றால், அந்தப் பதிவில் கும்பகோணம் போகும் லாரி ஹாரனும் சேர்ந்தே வரும்.