ஒரு வட்டம் போதாது

2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் புறப்பட்ட எம்.எச்.370 விமானம் காணாமல் போனது. அவர்களில் ஐவர் இந்தியர். அதிகாலை 1.21 மணிக்குக் கட்டுப்பாட்டு அறைத் திரையிலிருந்து அது மறைந்தது. ஆயினும் காலை 8.19 மணி வரை, சுமார் 36,000 கி.மீ. உயரத்திலிருந்த இன்மார்சாட் செயற்கைக்கோளுடன் அதன் கருவி அவ்வப்போது தொடர்பு கொண்டது. அந்தச் சமிக்ஞைகளில் விமானம் இருக்கும் இடம் பற்றிய தகவல் இல்லை.

சமிக்ஞை சென்று திரும்பிய நேரத்தைக் கொண்டு செயற்கைக்கோளுக்கும் விமானத்துக்கும் இடையிலான தொலைவைக் கணக்கிட்டனர். அத்தொலைவில் அமையும் புள்ளிகளைப் புவியின்மேல் இணைத்தால் ஒரு வட்டம் கிடைக்கும். விமானம் சென்றது வடக்கா, தெற்கா? அலைவெண்ணில் தெரிந்த சிறு மாற்றம், அதாவது டாப்ளர் விளைவு, தெற்கு என்று காட்டியது. தெற்கு இந்தியப் பெருங்கடலில் 1,20,000 சதுர கி.மீ. கடலடியை 2017 சனவரி வரை தேடியும் விமானம் அகப்படவில்லை.

காரணத்தை வகுப்பிலேயே விளக்கலாம். மல்லசமுத்திரம் பகுதி ஆசிரியர்கள் சேலம், நாமக்கல் மாவட்டங்கள் அடங்கிய வரைபடத்தில் ஓர் ஊரை மனத்துள் வைத்துக்கொள்ளுங்கள். மல்லசமுத்திரத்திலிருந்து அதன் நேர்கோட்டுத் தொலைவை மட்டும் கூறி, கவராயத்தால் வட்டம் வரையச் சொல்லுங்கள். வட்டத்தின்மேல் பல ஊர்கள் வரும். சேலத்திலிருந்து உள்ள தொலைவையும் கூறினால், வட்டங்கள் வெட்டும் இரு புள்ளிகள் எஞ்சும். நாமக்கல்லிலிருந்து வரையும் மூன்றாம் வட்டம் ஊரைக் காட்டிவிடும்.

விமானத்தைத் தேடியவர்களுக்கு ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு வட்டமே கிடைத்தது. தேடல் ஏன் அவ்வளவு நீண்டது என்பதை மாணவர்களே கூறுவார்கள்.